இழுபடும் இடத்தில் அமர்ந்தவர்

எங்கள் தொழில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் இளைஞர் ஒருவர் ஒரு கேள்வியை இட்டிருந்தார். “பழைய எஸ்யூவி. டர்போ டீசல். பின்னாடி டிரெய்லர் மாட்டி இழுக்கணும். மேடு ஏற மாட்டேங்குது. பவர் ஏத்த என்ன பண்ணலாம் அண்ணன்மாரே?”

விடைகள் உடனே குவிந்தன. ஒருவர் சிப் வைக்கச் சொன்னார். பழைய பம்புக்குச் சிப் ஏதென்று இன்னொருவர் அவரை மடக்கினார். மூன்றாமவர் டீசல் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால் போதுமென்றார். வண்டியை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கச் சொன்னவரும் உண்டு. கடைசியில் யாரோ என் பெயரைக் குறித்து, “சார் ரிட்டயர்டு ஆயி சும்மாதான இருக்காரு, அவரக் கேளுங்க” என்று முடித்திருந்தார்.

ஒரே வரியில் விடை எழுத முயன்றேன். “முதலில் டிரெய்லரில் ஏறி உட்காருங்கள்” என்பதுதான் அந்த வரி. அதை மட்டும் அனுப்பினால் ஓய்வுபெற்றவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகவே விரித்து எழுதுகிறேன். பணிமனைச் சொற்களை அவை வழங்குகிறபடியே எழுதியிருக்கிறேன். கிளட்சுக்குப் புதுப்பெயர் சூட்டுவதால் அது நன்றாகப் பிடித்துவிடப் போவதில்லை.

என் தந்தையார் சிதம்பரத்தில் தமிழாசிரியர். இலக்கணத்தை அவரிடம் கற்றேன். கைகளோ இரும்பையே நாடின. ஐ.டி.ஐ. முடித்ததும் கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய டீசல் பம்ப் பட்டறையொன்றில் சேர்ந்தேன். விசைப்படகுகளின் இயந்திரங்கள் அங்கே வரும். பின்னர் செம்மங்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு பெரிய பணிமனைக்கு மாறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே பம்ப் பிரிவைக் கவனித்தேன்.

துறைமுகத்தில் நான் கற்றது ஒரு தொழிலும் ஒரு தவறான நம்பிக்கையும். தொழில் இது: டீசல் பம்பைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றி, அது ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு எண்ணெய் தள்ளுகிறது என்று கண்ணாடிக் குப்பிகளில் அளந்து சமன்செய்வது, இன்ஜெக்டரின் மூக்கை, அதாவது நாசிலை, கைப்பம்பில் மாட்டி அது தூவும் அழகைப் பார்ப்பது. நம்பிக்கை இது: கரும்புகை வந்தால்தான் சக்தி வருகிறது. “பொக வுடாத இஞ்சின் தூங்குற இஞ்சின்யா” என்பார் படகுக்காரர் ஒருவர். அவருக்கு வேண்டிய அளவு புகையை நாங்களும் கொடுத்தனுப்புவோம்.

நாசில் தூவுவதைக் கண்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். கைப்பிடியை அழுத்தினால் முதலில் ஒன்றும் நிகழாது. அழுத்தம் ஏறும். ஏறி ஏறி ஒரு நொடியில் ‘கிரீச்’ என்ற ஒலியோடு ஊசிமுனைத் துளைகளிலிருந்து எண்ணெய் பாயும். பாய்வது நீர்த்தாரை அன்று. மார்கழி விடியலில் வயலின் மேல் நிற்கும் பனிமூட்டம் போன்றது. அந்தப் பனியில் விரலை நீட்டினால் அது தோலைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் கலந்துவிடும். அத்தனை மென்மையும் அத்தனை கொடுமையும் ஒரே துளையில் இருப்பதை எண்ணி, பணியின் கடைசி வாரத்திலும் நான் வியந்திருக்கிறேன்.

செம்மங்குப்பம் பணிமனைக்கு ஜெசிந்தா மேலாளராக வந்தபோது நான் அங்கே பழையவனாகிவிட்டிருந்தேன். அவர் என்னைவிட வயதில் மிக இளையவர். முதுநகர்க்காரர், தந்தையார் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவர். பொறியியல் முடித்துச் சென்னையில் சில காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். எங்களை ‘அண்ணே’ என்பார். நாங்கள் ‘மேடம்’ என்போம். உரக்கப் பேசியோ விரைந்து நடந்தோ நான் அவரைக் கண்டதில்லை. ஒரு வண்டியின் பானெட்டைத் திறக்கும் முன் கைகளைத் துடைத்துக்கொள்வார். திறந்த பின் துடைப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதால், தொடக்கத்தில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் வேன் வந்தது. குலுங்குகிறது என்பது புகார். நாங்கள் ஒவ்வொருவராக ஓட்டிப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்றோம். அவர் ஓட்டவில்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையின் மூலை இருக்கையில் போய் அமர்ந்தார். ஆலப்பாக்கம்வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஓட்டுறவங்களுக்கு எப்பவும் நல்லாத்தாண்ணே இருக்கும்.” பின்பக்க வில்பட்டையைத் தாங்கும் புஷ், அதாவது ரப்பர் உறை, ஒன்று தேய்ந்திருந்தது.

பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் அமர்வது அவருடைய முறை. சரக்கு வண்டியானால் சரக்கின் மேல், ஆம்புலன்ஸானால் படுக்கையில். வாடிக்கையாளர்கள் சிலர் சிரிப்பார்கள். அவர் சிரிப்பைப் பொருட்படுத்தவும் மாட்டார்; விளக்கம் சொல்லவும் மாட்டார்.

அந்த முறை ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வளவு தூரம் சென்றது என்பதை நான் கண்டது, கலியபெருமாளின் வண்டி வந்தபோது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீமுஷ்ணம் செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து பழைய எஸ்யூவி ஒன்று பின்னால் ஒரு டிரெய்லரோடு வந்து நின்றது. ஓட்டிவந்தவர் கலியபெருமாள், அறுபதை நெருங்கிய விவசாயி. அருகில் அவர் மனைவியின் தம்பி தனவேல். பின்னிருக்கையிலிருந்து அவ்வூர் அம்மன் கோயில் பூசாரி இறங்கினார்.

“வண்டி நல்ல வண்டிதாங்க. மூச்சுதான் பத்தல” என்றார் கலியபெருமாள்.

“மூச்சு இல்ல மாமா, வயசு. அதுக்கும் ஆயிடுச்சு, உனக்கும் ஆயிடுச்சு” என்றார் தனவேல்.

“நீ டிராக்டர் வாங்குனதுலேருந்து ஊர்ல எல்லாத்துக்கும் வயசாயிடுச்சு மச்சான்.”

பிறகு மூவரும் மாறி மாறிச் சொன்னது இது. மாசி மகத்தன்று அவர்கள் ஊர் அம்மன் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போவாள். விடியலில் புறப்பட்டுச் சிதம்பரத்தைக் கடந்து, பிற்பகலில் கடலைச் சேர்வாள். அவளை இழுத்துச் செல்லும் உரிமை கலியபெருமாளின் குடும்பத்துக்கு. அவர் தாத்தாவும் தந்தையும் மாடு கட்டி இழுத்தார்கள். மாடுகள் போன பின், அரசுத் துறையொன்று ஏலம் விட்ட இந்த வண்டியை இதற்காகவே வாங்கினார். மற்ற நாள்களில் அது விதைநெல் சுமக்கும்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லைக் கல்லைத் தாண்டிய பிறகு, கடலைப் பார்க்கும்வரை அம்மன் பின்னோக்கி நகரக் கூடாது; வண்டியை இடையில் மாற்றவும் கூடாது. சென்ற ஆண்டு சிதம்பரத்து ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் இயந்திரம் திணறி நின்றது. டிரெய்லர் ஒரு முழம் பின்னுக்கு உருண்டது.

“அம்மன் பின்வாங்கிட்டான்னு ஊரே பேசுது” என்றார் கலியபெருமாள்.

“அதுகூடப் பரவால்லங்க” என்றார் பூசாரி. “கடல்ல எறக்கறதுக்கு முன்ன அம்மன் மொகத்த வெள்ளத் துணியால தொடைப்பேன். போன வருசம் துணி கரியாயிடுச்சு. வண்டிப் பொக பூரா அவ மூஞ்சியிலதான அடிக்குது. அந்தத் துணியப் பாத்த பொம்பளைங்க அழுதுட்டாங்க.”

ஊர்க்கூட்டம் கூடி, இந்த ஒரு முறை பார்ப்பது என்று முடிவு செய்திருந்தது. தனவேலின் டிராக்டர் வெறுமையாகப் பின்னால் வரும். எஸ்யூவி வழியில் திணறி நின்றாலோ பின்னுக்கு உருண்டாலோ, கட்டுப்பாட்டை மீறியேனும் அம்மன் அங்கேயே டிராக்டருக்கு மாறுவாள், உரிமையும் மாறும்.

“தப்பா எடுத்துக்காதீங்க. மச்சான் நல்லவந்தான். அவன் இழுத்தாலும் அம்மன் போவா” என்று கலியபெருமாள் மெல்லச் சொன்னார். “ஆனா அந்த ஒருநாள் போயிட்டா, அப்புறம் நான் ஊர்ல சும்மா ஒரு ஆளுங்க.”

தனவேல் டிரெய்லரின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

ஜெசிந்தா டிரெய்லரைச் சுற்றி வந்தார். அம்மன், பீடம், அலங்காரம், உடன் அமரும் இருவர் ஆகிய எல்லாவற்றின் எடைக்கும் ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஒரு புதிய வெள்ளைத் துண்டை வாங்கிவரச் செய்து தோளில் போர்த்திக்கொண்டார். ஏறப்போனவர், பூசாரியின் முகத்தைப் பார்த்து நின்றார்.

“நான் ஏறலாங்களா?”

பூசாரி சற்று யோசித்தார். “அம்மன் பலகய எடுத்து வீட்ல வச்சிட்டன். இப்ப இது வெறும் டிரெய்லர்தாம்மா. ஏறுங்க.”

பின்புறச் சாலையில் ஓர் ஆற்றுப் பாலம் உண்டு. விடுமுறை நாளில் அங்கே போக்குவரத்து இராது. அதன் ஏற்றத்தைத்தான் நாங்கள் சோதனைக்குப் பயன்படுத்துவோம். கலியபெருமாள் ஓட்ட, நான் அருகில் அமர, ஜெசிந்தா மூட்டைகளின் முன்விளிம்பில், அம்மன் அமரும் இடத்தில், அம்மனைப் போலவே முன்னோக்கி அமர்ந்தார். நடைவேகம். பாதி ஏற்றத்தில் வண்டி முனகத் தொடங்கியது. கலியபெருமாள் கிளட்சைப் பாதி மிதித்தும் பாதி விட்டும் அதைக் கெஞ்சி மேலேற்றினார். கிளட்ச் தீயும் நாற்றம் எங்களைச் சூழ்ந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மேலாளர் தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

இறங்கி வந்து துண்டை விரித்துக் காட்டினார். கழுத்தைச் சுற்றியிருந்த மடிப்பு மட்டும் வெண்மையாக இருந்தது. அவர் முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

“பைப்ப அந்தப் பக்கம் திருப்பி வுட்டுட்டா போச்சு” என்றார் தனவேல். உதவ வேண்டும் என்ற எண்ணம்தான்.

“அங்க மேளக்காரங்க வருவாங்க” என்றார் கலியபெருமாள்.

“அப்ப இந்தப் பக்கம்.”

“இங்க பொம்பளைங்க மொளப்பாரி எடுத்துக்கிட்டு வருவாங்க.”

“மேல தூக்கி வுடு.”

“மேல அம்மனுக்குக் கொட புடிக்கிறவன் இருக்கான். யாரு, உன் புள்ளதான்.”

ஜெசிந்தா துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். “எந்தப் பக்கம் திருப்புனாலும் யாரோ நிக்கிறாங்க. அதனால திருப்ப வேணாம். இல்லாமப் பண்ணிடுவோம்.”

ரசாயன ஆலைகளின் நெடியைச் சுமந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துச் சன்னலைச் சாத்துவதும் திறப்பதும் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் பழக்கம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உடனே விளங்கியது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் விளங்கவில்லை. புகை வேண்டாமென்றால் டீசலைக் குறைக்க வேண்டும். டீசலைக் குறைத்தால் மேடு எப்படி ஏறும்?

வண்டியை எங்களிடமே விட்டுச் சென்றார்கள். என் பங்கு பம்பிலிருந்து தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோதே பாதிக் கதை தெரிந்துவிட்டது. எண்ணெய் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவின் முத்திரை அறுந்து, அது பலமுறை திருகப்பட்டிருந்தது. வண்டி சோர்ந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் கூடுதலாக டீசல் ஊட்டியிருக்கிறார். மேடையில் ஏற்றி, ஆலை வைத்த அளவுக்கே அதைக் கொண்டுவந்தேன். நான்கு நாசில்களில் இரண்டு பனியாகத் தூவாமல் கோடாக ஒழுகின. அவற்றை மாற்றி, நான்கும் ஒரே அழுத்தத்தில் ஒரே குரலில் கிரீச்சிடும்வரை சரிசெய்தேன்.

இரண்டாம் சோதனைக்குக் கலியபெருமாள் தனியாக வந்தார். மீண்டும் மணல் மூட்டை, மீண்டும் புதுத் துண்டு. இம்முறை துண்டு சாம்பல் நிறத்தோடு திரும்பியது. ஆனால் வண்டி பாதி ஏற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. கலியபெருமாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“பரவால்லங்க. பொக கொறஞ்சிருக்குது. டிராக்டர்ல போனாலும் அவ மொகம் சுத்தமா போவணும், அதான வேணும்” என்றார்.

அவர்தான் எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா மூட்டைகளிலிருந்து இறங்கினார். “நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் மாறுச்சுண்ணே. நாம ஸ்ட்ரா வச்சு இளநி குடிப்போம்ல, கடைசில ஸ்ட்ரா ஒட்டிக்குமே, அந்த மாதிரி” என்றார். ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இருந்த எனக்கு அந்த ஒலி கேட்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சலே கேட்டது. பின்னால் இருந்தவருக்குக் கேட்டிருக்கிறது.

பானெட்டை முழுவதுமாகக் கழற்றி எடுக்கச் சொன்னார். அவ்வாறே ஏற்றத்தில் மீண்டும் ஏறினோம். இம்முறை அவர் எங்கள் நடுவே அமர்ந்து, முன்கண்ணாடி வழியே, திறந்து கிடந்த இயந்திரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுத்து நிகழ்ந்ததை இன்றும் வியப்பில்லாமல் என்னால் சொல்ல முடியவில்லை.

ஏர் ஃபில்டரிலிருந்து, காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் தடித்த கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. பணிமனையில் குளிர்ந்திருந்தபோது நானே அதை அழுத்திப் பார்த்திருக்கிறேன், கல்லாக இருந்தது. ஏற்றத்தில், இயந்திரம் சூடேறி முழு மூச்சை இழுத்த அந்த இடத்தில், அக்குழாய் எங்கள் கண்முன்னே ஒட்டிச் சப்பையாயிற்று. பசித்தவன் வயிறு முதுகோடு ஒட்டுவது போல ஒட்டியது. வண்டி திணறியது. கலியபெருமாள் காலைத் தளர்த்தியதும் குழாய் மறுபடி உருண்டு பழைய வடிவுக்கு வந்து, ஒன்றுமே நடவாதது போல் இருந்தது.

அசல் குழாயின் உட்புறத்தில் அது ஒட்டாமலிருக்க ஒரு கம்பிச் சுருள் இருக்கும். எப்போதோ கிழிந்த குழாய்க்குப் பதிலாக, சுருள் இல்லாத ஒரு குழாயை யாரோ மாட்டியிருக்கிறார். எண்ணெய்ப் பசையில் ஊறி அது சூட்டில் துவண்டது. காற்றுக்காகத் திணறிய இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் டீசலை ஊட்டியிருக்கிறார்கள். உண்ண முடியாததை அது புகையாக உமிழ்ந்திருக்கிறது.

“நீங்க சொன்னதுதாங்கய்யா சரி” என்றார் ஜெசிந்தா. “மூச்சுதான் பத்தல.”

கலியபெருமாள் இறங்கிப் போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சூடு. கையை எடுக்கவில்லை.

குழாயை மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றினால், சாலையில் கதிர் பரப்பும் எங்கள் மாவட்டத்துப் பதரும் உமியும் அதன் கண்களை அடைத்திருந்தன. நடைவேகத்தில் எதிர்காற்று இராது. விசிறி ஒன்றையே நம்பியாக வேண்டும். ஆகவே விசிறியையும் புதுப்பித்தோம். கிளட்சை மாற்றினோம். கலியபெருமாள் மீண்டும் வந்து ஓட்ட, இப்போது வண்டி வேகம் பிடித்து ஏற்றத்தை ஏறியது. துண்டும் ஏறக்குறைய வெண்மையாகவே வந்தது. நான் மகிழ்ந்தேன். ஜெசிந்தா மகிழவில்லை.

“ஓடும்போது சரிண்ணே. நடக்கும்போது?” என்றார். “இது மேளத்துக்குப் பின்னாடி போற வண்டி. டர்போ சுத்துற வேகமே இதுக்கு வராது. இன்னும் கிளட்சுலதான் நிக்குது.”

சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி. அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு வெற்றிலைப் பை தொங்கியது.

“அய்யா, இது என்ன?”

“அது சும்மா கம்பிங்க. ஏலத்துல எடுக்கும்போதே இருந்துச்சு. ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்போம்.”

“இழுத்துப் பாத்ததே இல்லயா?”

“எதுக்குங்க இழுக்கணும்? பை வுழுந்துருமே.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. வெற்றிலைப் பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். மஞ்சள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டார். நான்கு சக்கர வண்டிகளில் வேகத்தை வெகுவாகக் குறைத்து இழுவையை அதே அளவுக்குப் பெருக்கும் லோ கியர் அது. இத்தனை ஆண்டுகளாகப் பூசை பெற்றுக்கொண்டு, ஒருமுறையும் அழைக்கப்படாமல் அங்கேயே இருந்திருக்கிறது. துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி எண்ணெய் விட்டு, ஒருவழியாக அது ‘டக்’கென்று விழுந்தபோது பணிமனையில் இருந்த அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தோம்.

முன்சக்கரப் பூட்டுகளை விடுவித்துவிட்டால், தார்ச்சாலையில் அந்த இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். திருப்பங்களில் பற்கள் இறுகா. கிள்ளை மணலில் பூட்டிக்கொள்ளலாம். இதைக் கலியபெருமாளுக்குக் காட்டினோம். ஏற்றத்தில் நின்று கிளம்பும் முறையை ஜெசிந்தா அவரைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பிரேக்கில் கால் இருக்கும்போதே, கிளட்சை அது பிடிக்கும் இடம்வரை மெல்ல விட வேண்டும். லோ கியரில் இயந்திரம் எளிதில் அணையாது. பிரேக்கை எதிர்த்து முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வை உடம்பில் உணர்ந்த பிறகே பிரேக்கை விட வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. “கயித்துல மாடு சாயறாப்ல இருக்குது” என்றார் கலியபெருமாள். அதன்பின் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாசி மகத்தன்று ஜெசிந்தாவும் நானும் கடலூரிலிருந்து பேருந்தில் போய்ச் சிதம்பரத்தில் ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டோம். முன்னே நாதசுரமும் தவிலும், அடுத்து முளைப்பாரி ஏந்திய பெண்கள், பின் எஸ்யூவி, அதன் பின், வெண்பட்டு உடுத்து, தனவேலின் மகன் பிடித்த குடையின் கீழே அம்மன். டிரெய்லரின் சக்கரத்தை ஒட்டித் தனவேல் நடந்து வந்தார். அவர் கையில் தேருக்கு இடும் முட்டுக்கட்டை போன்று செதுக்கிய மரக்கட்டை. உருண்டால் இடுவதற்கு. அவருடைய டிராக்டரை வேறொருவர் பின்னால் ஓட்டி வந்தார்.

மேம்பாலம் வந்தது. நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. எஸ்யூவி ஏறத் தொடங்கியது. இயந்திரத்தின் குரல் மாறவில்லை. மேளத்தின் ஒலிக்கு அடியில் ஒரு சுருதிப்பெட்டி போல ஒலித்தது. பாதி ஏற்றம்.

அங்கே கைப்பிடிச் சுவரோரம் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் கர்ப்பூரம் எரியும் ஆரத்தித் தட்டு. கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கி இங்கே வந்து நின்றிருக்கிறாள். தட்டேந்தி நிற்பவரைக் கடந்து அம்மன் போவதில்லை. பூசாரி கையை உயர்த்தினார். சென்ற ஆண்டு நின்ற அதே ஏற்றத்தில் வண்டி நின்றது.

மேளம் ஓய்ந்தது. தனவேல் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னே ஒரு சாண் தள்ளிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கும் கட்டைக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஆரத்தி சுற்றினாள். குழந்தையின் நெற்றியில் பூசாரி திருநீறிட்டார். கை இறங்கியது.

கலியபெருமாளின் தலை சிறிதும் அசையவில்லை. வண்டியின் முன்புறம் மட்டும் மெல்லத் தாழ்ந்து, எதையோ தோளில் ஏற்றிக்கொள்வது போலச் சாய்ந்தது. டிரெய்லரை இணைத்த கொக்கி இறுகும் ஒலி ஒன்று கேட்டது. பிறகு சக்கரங்கள் முன்னோக்கிச் சுழன்றன. பின்னுக்கு ஒரு விரற்கடையும் இல்லை. அம்மனின் முன்னால் எரிந்த விளக்கின் சுடர், காற்றுக்கு ஆடியதைத் தவிர வேறு எதற்கும் ஆடவில்லை.

என் வாழ்நாளில் எத்தனையோ இயந்திரங்கள் பாய்வதைக் கண்டிருக்கிறேன். பாரம் சுமந்த ஒரு பழைய இயந்திரம் ஒரு மேட்டில் அசைவற்று நின்று, புகையின்றி, உறுமலின்றி, நடந்துபோவதை அன்றுதான் கண்டேன். சக்தி என்னும் சொல்லை அந்த ஊரார் கைகூப்பி உச்சரிப்பதைக் கேட்டிருக்கிறேன். என் தொழிலில் அச்சொல்லை நான் அவ்வளவு பணிவோடு உச்சரித்ததில்லை என்று அப்போது தோன்றியது.

உச்சியைத் தாண்டியதும் தனவேல் நிமிர்ந்தார். கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டிராக்டர் கடைசிவரை வெறுமையாகவே வந்தது.

கிள்ளையில் மணலைக் கடந்து, அலையின் ஓசை கேட்கும் இடத்தில் வண்டி நின்றது. கலியபெருமாள் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார்; ஆனால் பக்கத்தில் வரவில்லை. பூசாரி டிரெய்லரில் ஏறி, புது வெள்ளைத் துணியை உதறி, அம்மனின் நெற்றியையும் கன்னங்களையும் மோவாயையும் நிதானமாகத் துடைத்தார். துணியைப் பார்த்தார். அதைக் கீழே நின்றவர்களிடம் கொடுத்தார். கை மாறி மாறி அது கலியபெருமாளிடம் வந்தது.

அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். சந்தனம் இருந்தது. குங்குமம் சிறிது இருந்தது. வேறொன்றும் இல்லை. வெயிலுக்கு நேரே பிடித்து மறுபடியும் பார்த்தார்.

தனவேல் அருகில் வந்து கட்டையை மணலில் போட்டார். தோளைத் தேய்த்துக்கொண்டே, “இந்த வெயிட்டச் சும்மாவே தூக்கியாந்தேன் மாமா” என்றார்.

“அடுத்த வருசமும் தூக்கியா மச்சான்” என்றார் கலியபெருமாள். “வெத்தலப் பைய மாட்ட எடமில்லாமப் போச்சு. அதுல மாட்டிக்கலாம்.”

தனவேல்தான் முதலில் சிரித்தார். பெண்கள் குலவையிட, அம்மனைத் தோளில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் நீரை நோக்கி இறங்கினார்கள். ஜெசிந்தா இறங்கவில்லை. ஆளற்று நின்ற டிரெய்லரின் விளிம்பில் கை வைத்து, அம்மன் அமர்ந்து வந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை அவர் அதில் ஏறவில்லை.